மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இடங்களின் படங்கள் தேவை

உறவுகளுக்கு வணக்கம். திருகோணமலையில் எங்கள் பாடசாலை வரலாற்றுக் கண்காட்சிக்கு, தரம் 10 பிள்ளைகள் உலக மரபுரிமை இடங்களை எடுத்திருக்கிறார்கள். சீகிரியாவுக்கும் காலிக் கோட்டைக்கும் படங்கள் குவிந்துவிட்டன, தயவுசெய்து இனி அனுப்ப வேண்டாம்!

பிள்ளைகள் தேடுவது யுனெஸ்கோ பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இடங்களை. ஓமானின் அரேபிய ஓரிக்ஸ் (ஒருவகை மான்) சரணாலயம்தான் அப்படி முதலில் நீக்கப்பட்டது. எண்ணெய் வளத்துக்காக அரசே அதன் பரப்பை 90 சதவீதம் குறைத்ததால், 2007இல் அதன் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஜெர்மனியில் டிரெஸ்டனின் எல்பே பள்ளத்தாக்கு, குறுக்கே நான்குவழிப் பாலம் கட்டப் பிடிவாதம் பிடித்ததால் 2009இல் நீக்கப்பட்டது. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகப் பகுதி 2021இல் நீக்கப்பட்டது.

இந்த மூன்று நாடுகளிலும் நம்மவர்கள் இல்லாமலா போய்விடுவார்கள்? நீங்களே எடுத்த படமாக இருந்தால் நல்லது. டிரெஸ்டன் பாலம் ஆற்றோடு சேர்ந்து முழுதாகத் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். ஏ3 தாளில் அச்சிட்டபோது ஒரு படத்தில் கம்பிகளெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டன.

இன்னொன்று. இலங்கையின் 8 உலக மரபுரிமை இடங்களில் ஒன்றுகூடக் கிழக்கு மாகாணத்தில் இல்லை. "கோணேசர் கோயிலுக்கு நாமே விண்ணப்பிக்கலாமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அரசுதான் முன்மொழிய வேண்டும், அதற்கு முன் தற்காலிகப் பட்டியலில் (பின்னாளில் முன்மொழிய நாடு எண்ணும் இடங்களின் பட்டியல்) ஓராண்டாவது இருக்க வேண்டும் என்றேன். நம் மாவட்டத்தின் சேருவில விகாரை அந்தத் தற்காலிகப் பட்டியலில் 2006 முதல் இருக்கிறது. அதற்கு மேல் அவள் கேட்பவற்றுக்குத் தொல்லியல் படித்தவர்தான் பதில் சொல்ல முடியும். அப்படி யாராவது அரை மணி நேரம் வந்து பேச முடியுமா? போக்குவரத்துச் செலவைப் பாடசாலை ஏற்கும். உட்பெட்டியில் எழுதுங்கள்.