‘பீலிபெய் சாகாடும்’ குறளில் இருப்பது எந்த அணி? இரண்டு கையேட்டில் இரண்டு பெயர்

கரூர்க்காரி:
மகள் பத்தாம் வகுப்பு. அணி இலக்கணத்தில் மட்டும் தடுமாறுகிறாள், கூடவே நானும். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ குறளில் இருப்பது எடுத்துக்காட்டு உவமையணியாம். ‘பீலிபெய் சாகாடும்’ குறளில் பிறிதுமொழிதல் அணியாம். இரண்டிலும் ‘போல’ இல்லை. இரண்டுமே ஒன்றைச் சொல்லி இன்னொன்றைப் புரியவைக்கின்றன. அப்புறம் என்ன வித்தியாசம்? போதாததற்கு, இன்னொரு கையேட்டில் பீலிக் குறளுக்கே ‘ஒட்டணி’ என்று போட்டிருக்கிறது. எதை எழுதச் சொல்வது?

பழைய வாத்தியார்:
அம்மா, பெயரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். குறளுக்குள் எதைப் பற்றிய பேச்சு இருக்கிறது, எதைப் பற்றி இல்லை என்று மட்டும் பாருங்கள்.

மணற்கேணிக் குறளில் கேணியும் இருக்கிறது, கற்கும் மாந்தரும் இருக்கிறார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர், படிக்கப் படிக்க அறிவு. உவமையும் பொருளும் வந்துவிட்டன. நடுவில் ‘அதுபோல’ என்பதை மட்டும் நாம் போட்டுக்கொள்கிறோம். இது எடுத்துக்காட்டு உவமை. ‘அகர முதல’ குறளும் இதே வகைதான்.

இப்போது பீலிக்கு வாருங்கள்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகுதான் சுமை என்றாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அவ்வளவுதான் குறள். அரசன் இல்லை, பகைவன் இல்லை, மனித வாடையே இல்லை. ஏழு சீரும் வண்டிக்கே செலவாகிவிட்டன. ‘எளியவர்கள்தானே என்று பலரையும் பகைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்று சேரும்போது வலியவனும் கெடுவான்’ என்று உரையில் எழுதுகிறோமே, அது எங்கிருந்து வருகிறது? ‘வலியறிதல்’ என்ற அதிகாரத் தலைப்பிலிருந்து. தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள்: கடனுக்கும் பொருந்தும், பேராசைக்கும் பொருந்தும். புத்தகப் பைக்கும் பொருந்தும் என்று என் வகுப்பில் ஒரு பையன் சொன்னான். சரிதானே, என்ன மறுப்பது!

சொல்ல வந்த பொருளை வாய் திறந்து சொல்லாமல், அதற்கு ஒத்த வேறொன்றை மட்டும் சொல்லி நிறுத்துவது பிறிதுமொழிதல். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் தன் 35 பொருளணிகளில் இதை ‘ஒட்டு’ என்று வைத்திருக்கிறது. பரிமேலழகர் இதே குறளின் உரையில், இது பிறிதுமொழிதல், இதை நுவலா நுவற்சி என்பாரும் ஒட்டு என்பாரும் உண்டு என்று முடித்துவிட்டார். ஆகவே உங்கள் கையேடுகள் இரண்டும் சரி. தேர்வில் பாடநூலில் இருக்கும் பெயரையே எழுதட்டும், வம்பில்லை.

மகளுக்கு ஒரு பயிற்சி: ‘கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து.’ எந்த அணி என்று அவளே சொல்லட்டும்.

அரட்டை மன்னன்:
அப்படியானால் பழமொழியெல்லாம் பிறிதுமொழிதலா ஐயா? எங்கள் அலுவலகத்தில் ஒருவரை மேலாளர் ஆக்கியதும் பக்கத்து மேசைக்காரர் “ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்றார். ஆளின் பெயரே வரவில்லை. ஆனால் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பழைய வாத்தியார்:
அதேதான் தம்பி. அங்கே அதிகாரத் தலைப்பின் வேலையைச் செய்தது பதவி உயர்வு ஆணை. “அவர் கிணற்றுத் தவளை மாதிரி” என்று சொல்லியிருந்தால் வெறும் உவமை, ஆளும் மாட்டிக்கொள்வார், சொன்னவரும் மாட்டிக்கொள்வார்.

வெறும்வாசகன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மதிப்பெண்ணுக்கு இதெல்லாம் சரி. ஓர் எழுத்தாளரின் நடையைப் புரிந்துகொள்ள இந்தப் பட்டியல் எதற்கு உதவும்? பெயர் ஒட்டியதும் வேலை முடிந்தது என்று போய்விடுகிறோம்.

பழைய வாத்தியார்:
பெயரோடு நிறுத்தினால் நீங்கள் சொல்வது நியாயம். சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதையை எடுங்கள். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டைக் கொடிகள் ‘வாரல்’, அதாவது வராதே, என்று கைகாட்டி மறிப்பதுபோல் அசைகின்றன. காற்றில் கொடி ஆடுவது இயல்பு. அதில் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார். தற்குறிப்பேற்ற அணி. சரி, பெயர் கிடைத்தது. அடுத்த கேள்வி, அந்தக் குறிப்பு யாருக்குத் தெரிகிறது? கொடி காட்டும் எச்சரிக்கை கோவலனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அதற்குச் சற்று முன்புதான் வையையைக் கடக்கிறார்கள். வையை என்னும் பெண் வரப்போகும் துயரம் தெரிந்தவள்போல், பூவாடை போர்த்துக் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள் என்கிறார் இளங்கோ. இவர்கள் இருவரோ ‘புனல்யாறு அன்று, இது பூம்புனல் யாறு’ என்று தொழுகிறார்கள்! அவள் மறைக்கப் போர்த்திய பூவைத்தான் இவர்கள் பார்த்து வியக்கிறார்கள். ‘இவன் சாகப் போகிறான்’ என்று ஆசிரியர் ஓரிடத்திலும் குரல் கொடுக்கவில்லை. ஆற்றையும் கொடியையும் பேசவைத்து, பாத்திரங்களுக்குத் தெரியாததை வாசகரிடம் மட்டும் ஒப்படைக்கிறார். எனக்கு நடை என்றால் இதுதான். அணியின் பெயர் தெரிந்திருந்ததால்தான் ‘குறிப்பு யாருடையது’ என்று கேட்கத் தோன்றியது.

வெறும்வாசகன்:
‘பூம்புனல் யாறு’ வரியை அழகான வருணனை என்றே இதுவரை படித்திருந்தேன். போய் மறுபடி படிக்கிறேன்.

கரூர்க்காரி:
தேர், நாவாய் மட்டும்தான் இருக்கிறது, மனிதரைக் காணோம், அதனால் பிறிதுமொழிதல் என்று மகள் சொல்லிவிட்டாள். தலைப்பு ‘இடனறிதல்’ என்றும் பார்த்துவிட்டாள். இப்போது ‘வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று’ என்பதைக் கொண்டுவந்து நிற்கிறாள். இதிலும் ‘போல’ இல்லையே?

பழைய வாத்தியார்:
கடைசியில் வரும் ‘அற்று’தான் அங்கே ‘போல’. உவம உருபு இருப்பதால் எடுத்துக்காட்டு உவமை ஆகாது. அன்பில்லாத வாழ்க்கைக்கு அங்கே உவமை, வன்னிலத்தில் பட்டமரம் தளிர்ப்பது. அது நடக்காத காரியம், அதனால் இல்பொருள் உவமையணி. சபாஷ் சொன்னேன் என்று சொல்லுங்கள்.