மாலைக்குள் வறண்டுபோகும் ஓட்ஸ் ஸ்கோன்

கேள்வி: மாடிவீட்டு அடுப்பு

வணக்கம். உலர்திராட்சையும் பேரீச்சையும் சேர்த்து வீட்டிலேயே ஓட்ஸ் ஸ்கோன் (ஈஸ்ட் இல்லாமல் சுடும் சிறு ரொட்டி) செய்து வருகிறேன். ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் ஓட்ஸ், 100 கிராம் வெண்ணெய், கால் கப் சர்க்கரை, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைக் கப் பால், முக்கால் கப் உலர்பழம் என்பது என் அளவு; முட்டை சேர்ப்பதில்லை. ஓடிஜியில் (சிறிய மின்னடுப்பு) 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைக்கிறேன். சூடாக இருக்கும்போது நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மாலைக் காப்பிக்கு எடுக்கும்போது வறண்டு, கை பட்டாலே உதிர்கின்றன. மேலே தெரியும் திராட்சைகள் கருகிக் கசக்கின்றன; உயரமும் போதவில்லை. வெண்ணெயைக் கூட்ட வேண்டுமா, நேரத்தைக் குறைக்க வேண்டுமா?

பதில்: தவிட்டு ரொட்டி

வெண்ணெயில் கை வைக்க வேண்டாம். உங்கள் அளவில் குறைவது ஈரம்தான். மைதா நீரை உடனே இழுத்துக்கொள்ளும், ஓட்ஸ் மெதுவாகத்தான் இழுக்கும். அதனால் பிசையும்போது மாவு சரியான பதத்தில் இருப்பதாகத் தோன்றினாலும், அடுப்புக்குள் சென்ற பிறகும், வெந்து ஆறிய பிறகும்கூட ஓட்ஸ் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காய்ந்த திராட்சையும் அதில் பங்கு கேட்கும். மாலையில் நீங்கள் காணும் வறட்சி அங்கிருந்து வருவதுதான்.

முதலில் ஓட்ஸை மட்டும் குளிர்ந்த பாலில் ஊறவைத்துக் கால் மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பாலின் அளவை 165 மில்லியாக உயர்த்துங்கள். பாலுக்குப் பதிலாக, கெட்டித் தயிரில் கால் பங்கு பால் கலந்து கடைந்து ஊற்றினால் உட்புறம் இன்னும் மென்மையாக இருக்கும். அப்போது கால் தேக்கரண்டி சமையல் சோடாவையும் சேர்த்துக்கொள்ளலாம், தயிரின் புளிப்பு அதற்கு வேலை கொடுக்கும். மாவு கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாகத்தான் இருக்கும். அதைக் கண்டு மேலும் மைதா தூவினால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

இன்னொன்று, கப்பை மாவுக்குள் அழுத்தி அள்ளினால் ஒரு கப் மைதா 150 கிராம்வரை போகும். கரண்டியால் தளர்வாக நிரப்பினால் 120 கிராம்தான் இருக்கும். தராசு இருந்தால் 180 கிராம் மைதா, 90 கிராம் ஓட்ஸ் என நிறுத்துப் போடுங்கள். ஓட்ஸில் மாவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் இல்லாததால், மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைக் கூட்டாமல் இருப்பது நல்லது. தட்டையான ரோல்டு ஓட்ஸே இதற்கு ஏற்றது. உடனடி ஓட்ஸ் கூழாகிவிடும், தட்டையாக்காமல் துண்டாக மட்டும் வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸ் பல்லில் நறநறக்கும்.

பதில்: கரண்டிக்காரி

பழங்களையும் பாலிலேயே ஊறவைக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். பேரீச்சை ஊறினால் கரைந்து மாவையே பழுப்பாக்கிவிடும். அதைச் சிறிதாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஒரு கரண்டி மைதாவில் புரட்டிப் போட்டாலே போதும். திராட்சையை மட்டும் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். உப்பிய திராட்சை மாவின் ஈரத்தைக் கேட்காது. வெட்டிய பிறகு மேலே துருத்தி நிற்பவற்றை விரலால் உள்ளே அழுத்திவிடுங்கள், கருகுவது நிற்கும்.

உயரத்துக்குப் பூரிக்கட்டையே தேவையில்லை. கையால் தட்டி இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் விட்டு, கூரிய கத்தியால் நேராகக் கீழிறக்கி வெட்ட வேண்டும். வட்ட அச்சால் வெட்டும்போது அதைத் திருகினாலோ மேலே தடவும் பால் விளிம்பில் வழிந்தாலோ, ஓரம் மூடிக்கொண்டு எழும்பாது. வெண்ணெயை உறையவைத்துத் துருவிப் போடுங்கள். நம் ஊர் வெயிலில் துண்டுகளாக நறுக்குவதற்குள் அது உருகிவிடுகிறது. அடுப்புக்குள் போகும்வரை குளிர்ந்திருந்தால்தான் அது உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகி, மாவை அடுக்கடுக்காகத் தூக்கும்.

பதில்: கிளாஸ்கோ வாசி

உயரத்துக்காக அதிகம் கவலைப்பட வேண்டாம். ஸ்காட்லாந்தில் இரும்புக் கல்லில் தட்டையாகச் சுடும் ஸ்கோன்கள் இன்றும் உண்டு. 1843இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரெட் பேர்டு என்ற மருந்தாளர் ஈஸ்ட் இல்லாத பேக்கிங் பவுடரை உருவாக்கினார். இன்று நாம் எதிர்பார்க்கும் உப்பிய ஸ்கோன் அத்தகைய பவுடர்கள் பரவிய பிறகு வந்தது. ஓடிஜி இல்லாதவர்கள் இதே மாவை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, கனமான தோசைக்கல்லில், சிறு தீயில், பக்கத்துக்கு ஐந்து நிமிடம் சுட்டுப் பார்க்கலாம். ஓட்ஸின் மணம் அதில்தான் கூடுதலாக எழும்பும் என்பது என் கட்சி.

கேட்டவர்: மாடிவீட்டு அடுப்பு

மிக்க நன்றி. ஊறிய ஓட்ஸை வெண்ணெய்க்கு முன் சேர்ப்பதா, பின் சேர்ப்பதா? காலையில் தயாரித்து மாலையில் சுடலாமா?

பதில்: தவிட்டு ரொட்டி

வெண்ணெயை மைதாவில் உதிர்த்து, பழங்களைக் கலந்த பிறகே ஓட்ஸும் பாலும். மாலையில் சுடுவதாக இருந்தால், வெட்டிய துண்டுகளை உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உருகவிடாமல் அப்படியே சுட்டு, நேரத்தில் மட்டும் நான்கைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.