இணையத்துக்குத் தனி வரி: டிவி லைசென்ஸ் மாதிரி வசூலித்தால் என்ன?

பழைய ஆன்டெனா:
நம் சிங்கப்பூரில் டிவி வைத்திருந்த வீடெல்லாம் ஒரு காலத்தில் வருடத்துக்கு 110 வெள்ளி லைசென்ஸ் கட்டியது ஞாபகம் இருக்கிறதா? 2011இல் எடுத்துவிட்டார்கள். கட்டும்போது முணுமுணுத்தோம், ஆனால் அந்தப் பணத்தில் தமிழ் நிகழ்ச்சிகளும் ஓடின. இப்போது என் வீட்டு டிவியில் தூசிதான் படிகிறது, எல்லாரும் போனில்தான். வீட்டு இணையத்துக்கு மாதம் 5 வெள்ளி வரி போட்டு, ஆன்லைன் மோசடியைத் தடுக்கவும் வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அதை ஒதுக்கினால் என்ன தப்பு?

மூவறை வீடு:
அண்ணே, ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். போன மாத பில் என் முன்னால் இருக்கிறது. பிராட்பேண்ட் 40 வெள்ளி, அதற்குக் கீழே ஜிஎஸ்டி 3 வெள்ளி 60 காசு. 2022இல் 7 விழுக்காடு, 2023இல் 8, 2024இல் 9. இதற்கு மேல் 5 வெள்ளியா?

2020 ஏப்ரலில் பள்ளியை மூடி, வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னார்களே, அப்போது எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே வைஃபை. பெரியவளுக்குச் சோதனை என்றால் மற்ற இருவரின் வகுப்பையும் நிறுத்த வேண்டும். சின்னவன் அரிசி டப்பா மேல் உட்கார்ந்து என் போனில் கணக்குப் போட்டான். டிவி இல்லாமல் பிள்ளை படிக்கும், இணையம் இல்லாமல் முடியுமா?

பழைய ஆன்டெனா:
ஜிஎஸ்டி வேறு தங்கச்சி. அது அரிசிக்கும் உண்டு, அந்த டப்பாவுக்கும் உண்டு. நான் கேட்பது இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்குகிற பணம். வசதி குறைந்த வீடுகளுக்கு விலக்குக் கொடுத்துவிடலாம்.

துவாஸ் வெல்டர்:
சார், நான் தங்குவிடுதியில் இருக்கிறேன். எங்களுக்கு வீட்டு இணையம் ஏது, சிம் கார்டுதான். எங்கள் அறையில் 12 பேர், பாதிப்பேரிடம் இரண்டு சிம். நாளைக்கு உங்கள் வரி வீட்டிலிருந்து சிம்முக்கு வராது என்று யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா) டாப்-அப் செய்யும்போது 5 வெள்ளி குறைந்தால், அந்த வாரக் கடைசியில் டேட்டா தீர்ந்துவிடும். என் மகளுக்கு ஒன்றரை வயது. என்னை வீடியோ காலில்தான் தெரியும். போனைத் தொட்டு "அப்பா" என்கிறாள்.

கணக்குப்பிள்ளை:
வெல்டர் தம்பி பயப்படுவது நியாயம். உகாண்டாவில் 2018 ஜூலையில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் திறக்க ஒரு நாளைக்கு 200 ஷில்லிங் என்று வைத்தார்கள். அதிபர் முசெவேனி சொன்ன காரணம், மக்கள் அதில் புறணி பேசுகிறார்களாம்! புறணி நின்றதா? எங்கிருந்து இணையத்தில் நுழைகிறோம் என்பதை மறைக்கிற விபிஎன் செயலியை ஆளாளுக்குப் போட்டுக்கொண்டார்கள். எதிர்பார்த்த வருமானத்தில் கால் பங்குகூட வரவில்லை. 2021இல் அதை விட்டுவிட்டு டேட்டா மேலேயே 12 விழுக்காடு ஏற்றினார்கள். அதற்கு முன்பே, 2014இல், ஹங்கேரியில் ஒரு ஜிபிக்கு 150 ஃபோரிண்ட் என்று கிளம்பினார்கள். புடாபெஸ்ட் தெருக்களில் கூட்டம் திரண்டதும் சில நாளில் பின்வாங்கிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், இணையம் என்கிற குழாய்க்கு வரி வேண்டாம். குழாயில் வியாபாரம் செய்கிறவனிடம் போங்கள். பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் குறைந்தது 15 விழுக்காடு வரி கட்டவேண்டும் என்ற விதி 2025இலிருந்து இங்கே இருக்கிறதே, அந்தப் பக்கம் பாருங்கள்.

மூவறை வீடு:
அதுவும் கடைசியில் நம் தலையில்தான் விடியும். வெளிநாட்டு ஸ்ட்ரீமிங்குக்கு 2020இலிருந்து ஜிஎஸ்டி போட்டார்களே, யார் கட்டுகிறார்கள்? நிறுவனமா, நானா?

கணக்குப்பிள்ளை:
அது நுகர்வு வரி, கட்டுவது நீங்கள்தான். நான் சொல்வது லாபத்துக்கு மேல் போடுகிற வரி. அதையும் கொஞ்சம் விலையில் ஏற்றப் பார்ப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் டேட்டா தீர்ந்தவன் தலையில் நேராக வந்து விழாது.

பழைய ஆன்டெனா:
உகாண்டாவையும் நம்மையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். அங்கே வாயை அடைக்கப் போட்டது. நான் கேட்பது அதுவா? சரி, சிம்முக்கு வேண்டாம், எழுத்திலேயே போட்டுவிடலாம். வீட்டுக்கு மட்டும். மோசடிக்காரனிடம் சேமிப்பைப் பறிகொடுத்த கிழவர் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

மூவறை வீடு:
ஆள் வேண்டும், ஜிஎஸ்டி பணத்திலிருந்து வையுங்கள். அப்புறம் ஒரு கேள்வி, மறைக்காமல் சொல்லுங்கள் அண்ணே. டிவி லைசென்ஸ் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்த காலத்தில் உங்கள் வீட்டில் ஒழுங்காகக் கட்டினீர்களா?

பழைய ஆன்டெனா:
கட்டினோம். ஒரு இரண்டு வருடம் தவிர. கீழ்வீட்டுப் பையன் ஓடிவந்து சொன்னதும் அம்மா டிவி மேல் போர்வையைப் போட்டு, அதன் மேல் சாமி படத்தை வைத்துவிடுவார்.