ஆஸ்ட்ராலே கில்லி மீன் முட்டைகளை உலர வைக்கணுமா?

பாசிக்குளம்: கில்லி மீன் முட்டைகளை ஈரமான பீட் எனும் மக்கிய பாசிமண்ணில் போட்டு மாதக்கணக்கில் மூடி வைக்கணும், அப்புறம் தண்ணீர் விட்டால்தான் பொரிக்கும் என்று படித்தேன். என்னிடம் இருப்பது ஆஸ்ட்ராலே என்கிற கில்லி இனத்து ஜோடி. முட்டையிட மிதக்கவிட்ட நூல்கற்றையில் முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. இவற்றுக்கும் அதே முறையா?

சதுப்புநிழல்: வேண்டவே வேண்டாம். நீங்கள் படித்தது நோத்தோபிராங்கியஸ் என்கிற வேறு கில்லி வகைக்கு. தான்சானியா, மொசாம்பிக் பக்கத்து மழைக்குட்டைகளில் வாழ்கிற மீன் அது. குட்டை வற்றினால் பெரிய மீன்கள் செத்துவிடும், சேற்றுக்குள் முட்டை மட்டும் அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். ஆஸ்ட்ராலேயின் ஊரே வேறு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் காபோன் நாட்டின் கரையோர மழைக்காட்டில், மரநிழலில் கிடக்கும் சதுப்பும் சிற்றோடையும்தான் அதன் இடம். இலை மக்கித் தேநீர் நிறத்தில் இருக்கிற மென்மையான, அமிலத்தன்மையுள்ள தண்ணீர். அந்த முட்டைக்கு வறட்சியைத் தாண்டும் வேலை இல்லை.

முட்டையை விரலாலேயே பறிக்கலாம், ஓடு நல்ல கெட்டி. ஆழமில்லாத டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு, 22 டிகிரி வாக்கில், வெளிச்சம் படாமல் வையுங்கள். வெள்ளையாகிப் போனதைத் தினமும் எடுத்துவிடுங்கள், பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். ஒரு வாரத்துக்கு மேல் ஆனதும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே சுருண்ட குஞ்சும், பொன் வளையம் போட்ட இரண்டு கரிய கண்களும் தெரியும். மீன் வளர்ப்பில் எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி கிடையாது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரித்துவிடும்.

பாசிக்குளம்: ரொம்ப நன்றி அண்ணா. கண் தெரிந்தும் வெளியே வராவிட்டால்?

சதுப்புநிழல்: சின்னக் குப்பியில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு மூடி வையுங்கள். ஆக்சிஜன் குறைந்தால் முட்டை ஓட்டைக் கரைக்கும் நொதியைக் குஞ்சு வெளிவிடும். பக்கத்திலேயே இருந்து பாருங்கள், பொரித்த உடனே திறந்த டப்பாவுக்கு மாற்றணும். தீனிக்கு முதல் சில நாள் இன்ஃபியூசோரியா எனும் கண்ணுக்குத் தெரியாத நீர் நுண்ணுயிர்கள், அப்புறம் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா எனும் குட்டி உப்புநீர் இறால்.

ஓடைக்கரை: ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஆஸ்ட்ராலேயோடு அதன் பேரினமான அபியோசெமியானில் வேறு இனத்தை ஒரே தொட்டியில் விடாதீர்கள். பெண் மீன்கள் எல்லாமே பழுப்பாக, அடையாளம் பிரிக்க முடியாமல் இருக்கும், கலப்புக் குஞ்சு வந்தால் அந்த வம்சமே கெட்டது. மீனோடு பிடித்த இடத்தின் பெயர் வந்திருந்தால் அதை டப்பாவிலும் எழுதி ஒட்டுங்கள். ஆரஞ்சு நிற மீன் என்றால் அது தொட்டியில் உருவான வகை, காட்டு மீன் சாக்லேட் பழுப்பு. அந்த ஆரஞ்சு வகையையும் தனியாகவே வளர்க்கணும்.

சதுப்புநிழல்: ரொம்பச் சரி. அப்புறம் தொட்டி மூடியில் ஒயர் போகிற ஓட்டையைக்கூட பஞ்சு வைத்து அடையுங்கள். ஆறு சென்டிமீட்டர்கூட வளராத மீன்தான், ஆனால் அந்த இடுக்கு வழியே துள்ளி வெளியே விழும்.