காண்ட்ராக்ட் மார்ச் 31 முடிகிறது, தொடரமாட்டேன் என்று எப்போது சொல்வது?

வைகைக்கரை:
மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்தவள். போன மே 1 அன்று பதினோரு மாத காண்ட்ராக்டில் சேர்ந்தேன். சம்பளம் 16,500. பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்கள்.

இப்போது திண்டுக்கல்லில் வேறொரு லேபில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் 6, திங்கட்கிழமை சேரச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அங்கேதான் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கூட்டிப்போக ஆள் இல்லை, அதனால் போயே ஆக வேண்டும்.

இங்கே யாரும் "தொடர்கிறாயா?" என்று கேட்கவே இல்லை. நான் இருப்பேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் நடுவில் லேபுகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் என்ஏபிஎல் அமைப்பின் தணிக்கை வேறு. ரத்த அணுக்களை எண்ணும் ஹெமட்டாலஜி மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, தினமும் காலையில் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) ஓட்டி சார்ட் எழுதுவது நான்தான். சீஃப் டெக்னீஷியன் அக்காவை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. சேர்ந்த புதிதில் ஒரு கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் நான் அழுதுவிட்டேன். அக்கா திட்டவில்லை. என் விரலைப் பிடித்து நரம்பு எங்கே ஓடுகிறது என்று தொட்டுக் காட்டினார். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

இன்னொரு பயமும் இருக்கிறது. இப்போதே சொன்னால் உடனே நிறுத்திவிட்டு மார்ச் சம்பளம் இல்லை என்று சொல்வார்களோ? காண்ட்ராக்டில் "இரு தரப்பும் சம்மதித்தால் நீட்டிக்கலாம்" என்று இருக்கிறது. "இடையில் விலகினால் 30 நாள் நோட்டீஸ்" என்றும் இருக்கிறது. இது எனக்குப் பொருந்துமா? ராஜினாமா கடிதம் எழுத வேண்டுமா? இன்று பிப்ரவரி 18.

மஞ்சள்காடு:
தங்கச்சி, நான் ஈரோட்டில் லேப் இன்சார்ஜ், பதினெட்டு வருட அனுபவம். உங்கள் அக்காவின் இடத்தில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன், சீக்கிரம் சொல்லிவிடுங்கள். ஒரு பையன் என்னிடம் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னான். அவன் போனதில் எனக்கு வருத்தமே இல்லை, நல்ல இடத்துக்குத்தான் போனான். ஆனால் புதிதாக வருபவரை முதல் நாளே தனியாக ரிப்போர்ட் வெளியிட விட முடியாது. பயிற்சி கொடுத்து, திறமையைச் சோதித்து, அதைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். மருத்துவ லேபுகளுக்கான தர விதியான ஐஎஸ்ஓ 15189 அதைக் கேட்கிறது, தணிக்கைக்கு வருபவர்களும் அந்தக் கோப்பைத்தான் முதலில் புரட்டுவார்கள். ஒரு மாத அவகாசம் இருந்தால் ஒருவரைத் தயார் செய்துவிடலாம். அவன் போன பிறகு இரண்டு வாரம் நான் வீட்டுக்கே சரியாகப் போகவில்லை.

முதலில் அக்காவிடம், நேரில், ட்யூட்டி முடிந்த பிறகு சொல்லுங்கள். ஹெச்ஆர் வழியாக அவர் காதுக்குப் போகக் கூடாது. அதுதான் வலிக்கும்.

ஊதாப்பூ:
சொல்லுங்கள், ஆனால் திண்டுக்கல் ஆர்டர் எழுத்தில் கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். நான் நர்ஸ். போனில் "வேலை உறுதி" என்றதை நம்பி, இருந்த இடத்தில் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே ட்யூட்டி சார்ட்டில் என் பெயர் இல்லை. புது இடத்தில் "இன்னும் அப்ரூவல் வரவில்லை" என்று இழுத்தார்கள். இரண்டு மாத வாடகைக்கு வளையலை அடகு வைத்தேன். உங்கள் அம்மாவின் சிகிச்சை செலவு இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் சம்பளப் பட்டியல், பிஎஃப் வேலை பார்ப்பவன். நீங்கள் இடையில் விலகவில்லை. காண்ட்ராக்டை முழுதாக முடிக்கிறீர்கள். நீங்கள் சொன்ன வாசகப்படி 30 நாள் நோட்டீஸ் இதற்கு வராது. ஆனாலும் மார்ச் 1-க்குள் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

"ராஜினாமா" என்ற சொல்லே கடிதத்தில் வேண்டாம். அந்தச் சொல் இருந்தால் இடையில் விலகியதாகக் கணக்கு வைப்பார்கள். "என் ஒப்பந்தக் காலம் 31.03.2026 அன்று முடிவடைகிறது. அதை நீட்டிக்க எனக்கு விருப்பமில்லை. அன்றுவரை பணியில் இருப்பேன்" என்று மூன்று வரி போதும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். காலம் முடிந்த காண்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1984-லேயே அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தில் திருத்தம் வந்தது. அவர்களுக்கு அந்த உரிமை இருக்கும்போது, தொடராமல் இருக்க நீங்கள் தயங்க வேண்டாம்.

பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சேவை வேண்டும், இந்தப் பதினோரு மாதமும் அதில் சேரும். புது இடத்தில் அதே யூஏஎன் நம்பரை (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் நம்பர்) கொடுங்கள். இஎஸ்ஐக்கும் பழைய நம்பர்தான். பழைய இடத்தில் வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டால், கடைசி பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆதார் ஓடிபி வைத்துப் பதிந்துகொள்ளலாம். அனுபவச் சான்றிதழை மட்டும் மார்ச் 31-க்குள் கையில் வாங்கிவிடுங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. திண்டுக்கல் ஆர்டர் வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. சனிக்கிழமை ட்யூட்டி முடிந்ததும் அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, ரேக்கில் ட்யூப்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம், "அம்மாவுக்கு எந்தெந்த நாள் டயாலிசிஸ்?" என்று கேட்டார். செவ்வாயும் வெள்ளியும் என்றேன். "அங்கே முதல் நாளே அதைச் சொல்லி ஷிஃப்ட் கேட்டு வாங்கு" என்றார்.

இன்று ஹெச்ஆரிடம் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிட்டேன். நாளையிலிருந்து நைட் டெக்னீஷியன் தம்பி காலை ஆறு மணிக்கு என்னோடு நின்று கன்ட்ரோல் ஓட்டப் பழகுகிறான்.