சங்ககிரி மலைக்கோட்டை: மேலே யாரைப் பார்த்தீர்கள்?

ரிக்குவண்டி

சங்ககிரி கோட்டைக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள். வாசல் படம், மதில் படம் எல்லாம் எல்லோரும் போட்டாயிற்று. மேலே யாரைப் பார்த்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், அதுதான் எனக்கு வேண்டும். எனக்கு ஒன்று மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டு ஊருக்கு வந்திருந்த நேரம். திருச்செங்கோட்டிலிருந்து பங்காளியும் நானும் பைக்கில் போனோம். வெயிலுக்குப் பயந்து அவன் பாதி வழியில் ஒரு வாசல் நிழலில் படுத்துவிட்டான். நான் மட்டும் மேலே போனேன். மதில் ஓரமாக லுங்கி, தலையில் துண்டுடன் ஒருத்தர், வயது அறுபதை ஒட்டி இருக்கும். கீழே பைபாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: “கண்ணு, அந்தப் போனுல கிட்டக்க இழுத்துப் பாக்க முடியுங்களா?”

எதை என்றேன். அவருடைய லாரியை. ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஏறி வந்திருக்கிறார். நீலத் தார்ப்பாய், பக்கத்தில் ஒரு புளியமரம் என்று அடையாளம் சொன்னார். ஒரு வழியாகக் கண்டுபிடித்து ஜூம் செய்து காட்டினேன். “இத்துனூண்டுதானா!” என்று சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புதான் இன்னும் போகவில்லை.

“வருசக்கணக்கா கீழ இருந்து இந்த மலையப் பாத்துட்டே போறனுங். இது கண்ணுல பட்டா ஊடு வந்துருச்சுன்னு அர்த்தம். மேல இருந்து நம்ம வண்டி எப்பிடித் தெரியும்னு ஒருக்கா பாக்கோணும்னு இருந்துச்சுங்.”

படத்தை அனுப்பட்டுங்களா என்று நம்பர் கேட்டேன். பட்டன் போனை எடுத்துக் காட்டினார். “இதுல எங்கீங்க வரும். உங்ககிட்டயே இருக்கட்டும் கண்ணு.” அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார். ஒவ்வொரு தடவை போன் மாற்றும்போதும் யாரோ ஒருத்தருடைய லாரிப் படத்தைப் புதுப் போனுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சங்ககிரியில் லாரிக்காரரைத் தேடுவதும் காவேரியில் மணலைத் தேடுவதும் ஒன்றுதான்.

காங்கயத்துக்காரி

கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துச் சண்டை போட்ட தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்ட நினைவு நாள், ஆடி 18. அன்று யாராவது மலை ஏறியிருக்கிறீர்களா? கீழே மாலை, மைக், கொடி, வரிசையாகக் கட்சிக் கார்கள். போலீஸ் வேறு. மேலே ஏறுகிற கூட்டம் அதில் கால்வாசிகூட இருக்காது.

எனக்கு முன்னால் ஒரு ஆத்தா, பேரனைப் பிடித்துக்கொண்டு ஏறினார். காங்கயம் பக்கத்து ஊர்தான். தீரன் சின்னமலை பிறந்த மேலப்பாளையம் எங்கள் பக்கம் என்பதால் நானும் பேச்சுக் கொடுத்தேன். வழி நெடுக சின்னமலையின் சமையல்காரன் கதைதான். “சோறாக்கிப் போட்டவனே காட்டிக் குடுத்துட்டான் பாரு அம்மணி” என்று போன வாரம் நடந்த சங்கதி போலத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஒரு வாசல் பக்கம் வந்ததும் நின்றார். “எந்த எடத்துலீங்க அவரத் தொங்க உட்டாங்க?” எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த காலேஜ் பையன்களில் ஒருவன் கீழே ஒரு மரத்தில் என்றான், இன்னொருவன் இல்லை உச்சியில்தான் என்றான். அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஆகிவிட்டது. ஆத்தா இரண்டு பேரையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து அந்த வாசல் கல்லிலேயே வைத்தார். “எங்க வேணாலும் இருக்கட்டும். இந்த வாசல் வழியாத்தான கூட்டிட்டு வந்திருப்பானுக?”

காற்றுக்குக் கற்பூரம் பற்றவே இல்லை. சண்டை போட்ட பையன்கள், நான், பேரன், யாரோ ஒரு அண்ணன், எல்லோரும் குனிந்து வட்டமாக நின்று கையால் காற்றை மறைத்தோம். யார் கை எது என்றே தெரியாத அளவுக்கு நெருக்கம். பற்றிக்கொண்டது.

சும்மாஒருஆள்

நல்ல அனுபவம் அக்கா. ஆனால் தூக்கிலிட்டது 31 ஜூலை 1805 என்றுதானே போட்டிருக்கிறது? ஆடி 18 ஆகஸ்ட்டில் அல்லவா வருகிறது? ஏதோ ஒன்று தப்பு.

பழையகணக்கு

ஒன்றும் தப்பில்லை, இரண்டும் ஒரே நாள்தான். இதை எத்தனை இடத்தில் எழுதுவது?

நம் பஞ்சாங்க வருடம் இங்கிலீஷ் வருடத்தைவிடக் கொஞ்சூண்டு நீளம். ஏறக்குறைய 60 வருடத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போகும். இப்போது ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3 அன்று வருகிறது. 200 வருடம் பின்னால் போனால் மூன்று நாள் குறையும், ஜூலை 30, 31 பக்கம் வந்து நிற்கும். அந்தக் காலத்து ஆடிப்பெருக்கன்றே தூக்கில் போட்டிருக்கிறார்கள். காவேரிக்கரையில் சனம் கூடுகிற நாள். அது தற்செயலா, வேண்டுமென்றே செய்ததா என்பது வேறு விவாதம்.

இன்னொன்று. வேறு ஒரு இடத்தில் இந்தக் கோட்டையைத் திப்பு கட்டினார் என்று ஒருவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டை விஜயநகரக் காலத்தது. திப்புவின் படை இங்கே இருந்தது, அது உண்மை. கட்டியதும் தங்கியதும் ஒன்றாகாது. சின்னமலை மைசூருக்குப் போகிற வரிப்பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல் என்ற கதை உங்களுக்கே தெரியும். அது மைசூர் ஆட்சிக் காலத்துக் கதை. அதே ஆள் பிற்பாடு திப்பு பக்கம் நின்று கம்பெனியோடு மோதினார். அப்புறம் கம்பெனியோடு நடந்த சண்டைகள்: 1801இல் காவேரிக்கரை, 1802இல் ஓடாநிலை, 1804இல் அரச்சலூர். இதையெல்லாம் கலந்துகட்டி ஒரே வரியில் எழுதுவதால்தான் குழப்பம்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் தெருப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் வாசலாக எண்ணிக்கொண்டே வந்த ஒரு பொடியன் கேட்டான், “மாமா, இத்தனை வாசல் வச்சும் எப்பிடி வெள்ளைக்காரன் புடிச்சான்?” 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் பக்கத்துச் சீமையோடு சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள், கையெழுத்தில் போனது என்றேன். “அப்ப வாசல் எதுக்கு?” என்றான்.

சேலத்துப்பொண்ணு

தேதிச் சண்டையை நிறுத்துங்கள், ஆள்களைப் பற்றிப் பேசலாம்.

புரட்டாசிச் சனிக்கிழமை, மேலே சென்னகேசவப் பெருமாளுக்குப் போன கூட்டத்தில் நானும் அம்மாவும். இறங்கும்போது அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, படிக்குப் படி உட்கார ஆரம்பித்துவிட்டார். அங்கே ஒரு பெரியவர், வெற்று மேல், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். “ஏறையில வலிக்கலீங்களா?” என்று கேட்டார். ஏறும்போது ஒன்றும் இல்லை என்றார் அம்மா.

அவர் துண்டை விலக்கித் தோளைக் காட்டினார். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்து, கறுத்து, மாட்டின் கழுத்துத் தோல் மாதிரி இருந்தது. சித்திரைத் தேருக்குப் பெருமாளை மலையிலிருந்து கீழே இறக்கி, அப்புறம் திரும்ப மேலே கொண்டு போவார்கள் இல்லையா? அதில் தோள் கொடுக்கிறவர். “எல்லாரும் மேல தூக்கிட்டுப் போறதுதான் சிரமம்னு நெனைப்பாங்க. ஏறையில சாமி நம்ம மேல சாஞ்சுக்கும். எறங்கையிலதான் நம்மளத் தள்ளும். அப்ப முன்னாடி நிக்கறவன் பாடு இருக்கே!”

அப்புறம் அம்மாவிடம், பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்துவிட்டு இன்னொரு காலை அதே படிக்குக் கொண்டு வாங்க என்று இறங்கிக் காட்டினார். அம்மா இப்போது எங்கள் வீட்டு மாடிப்படியிலும் அப்படித்தான் இறங்குகிறார். யார் கேட்டாலும் “சாமி தூக்கறவர் சொன்னார்” என்பார்.

கால்நடைப்பயணி

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் புதிதாகப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், சித்திரை வைகாசியில் சொல்லவே வேண்டாம். மேலே கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும், அதையும் தோள்பையில் வையுங்கள், கையில் பை தொங்கினால் குரங்கு விடாது. ஹவாய்ச் செருப்பு ஆகாது. மழை பெய்த மறுநாள் படியெல்லாம் வழுக்கும், பாசி பிடித்த இடத்தில் கால் வைக்காதீர்கள். சுனையில் இறங்கிப் படம் எடுக்கிற வேலை வேண்டாம், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. புதருக்குள் வழி தெரிகிறதே என்று நுழையாதீர்கள், பாம்பு இருக்கும். தனியாகப் போகாதீர்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நான்கு மணிக்கெல்லாம் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே ஒருவர் எழுதியபடி இறங்கலாம், ஆனால் கையில் ஒரு தடியும் இருந்தால் நல்லது. எலுமிச்சம்பழமும் உப்பும் கொண்டு போங்கள். குளிர்பானம் குடித்தால் தாகம்தான் கூடும். குழந்தைகளை மதில் மேல் உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம். பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

முக்கியமாகச் சுவரில் பேர் எழுதாதீர்கள். இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1958ஆம் வருடச் சட்டம், 2010இல் திருத்தி இறுக்கியிருக்கிறார்கள். சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு அப்பா மகளைத் தூக்கிப் பிடித்து நிற்க, அவள் அடுப்புக்கரியால் மதிலில் தன் பேரை எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கரியை வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டி எடுத்து வந்திருக்கிறார்! ஏனுங்க இப்படி என்றேன். “நாம வந்துட்டுப் போனதுக்கு ஒரு அடையாளம் வேணுமல்லீங்?” என்றார், ரொம்ப மரியாதையாக.

நாமக்கல்லான்

கால்நடை அண்ணா, இரண்டு வரி அனுபவத்துக்கு இவ்வளவு பத்தியமா? மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். மலைக்கோட்டை என்றால் எங்கள் ஊர்தான். ஊருக்கு நடுவே ஒரே பாறை, அதன் மேல் கோட்டை, பாறையிலேயே வெட்டிய படி. கீழே ஒரு பக்கம் நரசிம்மர், இன்னொரு பக்கம் ரங்கநாதர், இரண்டும் குடைவரை. எதிரே கூரை இல்லாமல் வெயிலில் நிற்கிற பதினெட்டடி ஆஞ்சநேயர். காலையில் ஏறி இறங்கி எட்டு மணி வேலைக்குப் போகலாம்.

அங்கே தினமும் விடியற்காலையில் ஏறுகிற ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரைப் பார்ப்பேன். உச்சியில் நின்று முட்டை லாரிகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும் பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களிடம் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். எதற்கு எண்ணுகிறீர்கள் என்று கேட்டதற்கு, “நீ எதுக்கு ஓடற?” என்றார்.

பழையகணக்கு

நாமக்கல் பாறை 65 மீட்டர் உயரம் தம்பி. அதை மலை என்று சொல்லிக்கொண்டு சங்ககிரியோடு போட்டிக்கு வராதே.

நாமக்கல்லான்

உயரம் பார்த்துத்தான் கோட்டை என்றால் ஏற்காட்டில் போய்க் கட்டியிருப்பார்கள்.

பட்டறைமகன்

எங்கள் அப்பாவுக்கு லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை. அங்கே வேலை செய்த இரண்டு பேரைத்தான் மேலே பார்த்தேன், அடையாளம் கண்டதே பெரிய விஷயம். ஒருத்தர் நாமம் போட்டவர், இன்னொருத்தர் பாய். மலை மேல் பெருமாள் கோயிலும் இருக்கிறது, தர்காவும் இருக்கிறது, தெரியும்தானே? இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்களாம். இவர் சாமி கும்பிட்டு வரும்வரை அவர் வெளியே பொரிகடலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் தர்காவில் ஓதி முடிக்கும்வரை இவர் செருப்புக்குக் காவல்.

நான் போனபோது பெரிய தகராறு. யார் முதலில் உச்சிக்கு வந்தது என்று. பாய் சொன்னார், “தம்பி, இவன் நாலு வாசல்ல உக்காந்தான், நான் ரெண்டுலதான்.” நாமக்காரர், “உக்காந்தது ரெண்டு, படுத்தத விட்டுட்டான் பாரு.” மொதலாளி மகன் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பொரிகடலை மட்டும் வாங்கித் தின்றுவிட்டு நழுவிவிட்டேன். போன மாதம் சந்தையில் பாயைப் பார்த்தேன். “தம்பி, அந்தத் தீர்ப்பு இன்னும் வரலீங்களே” என்கிறார்!

சும்மாஒருஆள்

சரி, நானும் இந்த ஞாயிறு போகலாம் என்றிருக்கிறேன். ஈரோட்டிலிருந்து ரயிலில் வரலாமா?

ரிக்குவண்டி

சங்ககிரிக்கு ஸ்டேஷன் சங்கரிதுர்க், அங்கே எல்லா ரயிலும் நிற்காது, நிற்காத எக்ஸ்பிரஸ்ஸில் ஏறிவிட்டால் நேராகச் சேலம்தான். பேசாமல் சேலம் பஸ் ஏறுங்கள், ஏறும்போதே சங்ககிரி ஊருக்குள் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகள் பைபாஸிலேயே இறக்கிவிடும்.