ப்ளுவா, ப்ளுஸா? "இன்னும்" எது, "இனி இல்லை" எது?

இலக்கணப்புலி:
பிரெஞ்சில் "ப்ளு" (எழுத்தில் பி, எல், யு, எஸ்) ஒரே சொல்தான். "இன்னும் அதிகம்" என்றும் வரும், "இனி இல்லை" என்றும் வரும். குழப்பமே வேண்டாம்: வினைக்கு முன்னால் "ந" இருந்தால் இல்லை, இல்லாவிட்டால் அதிகம். "இல் ந்யா ப்ளு த காஃபே" என்றால் காப்பி தீர்ந்துவிட்டது.

செவ்வாழை:
புலி சார், பேச்சில் அந்த "ந"வை யார் சொல்கிறார்கள்? "யா ப்ளு த காஃபே" என்றுதான் காதில் விழும். "ஜான் வெ ப்ளு" என்றால் இனி வேண்டாம். "ஜான் வெ ப்ளுஸ்" என்றால் இன்னும் வேண்டும். உங்கள் விதியை நம்பினால், "போதும்" என்றவருக்கு மறுபடி ஊற்றுவீர்கள். கடைசி "ஸ்" கேட்டால் அதிகம், கேட்காவிட்டால் இல்லை.

ஒலியன்:
அதுவும் பாதிக் கிணறுதான். "ப்ளு க்ரான்" என்றால் "இன்னும் பெரிய". எதிர்மறையே இல்லை, ஆனாலும் "ஸ்" வராது. பெயரடை மெய்யில் தொடங்கினால் மௌனம். உயிரில் தொடங்கினால் "ஸ்" ஆங்கில இசட் ஒலியாகி அதோடு ஒட்டிக்கொள்ளும். உடன்பாட்டில் வாக்கியக் கடைசியிலும், கணக்கில் கூட்டல் குறியைச் சொல்லும்போதும் "ஸ்" உண்டு. ஆனால் "முவா நோன் ப்ளு" (நானும் இல்லை) கடைசியில் வந்தும் "ஸ்" இல்லாதது.

இலக்கணப்புலி:
அப்படியானால் எழுத்துதான் நம்பகமானது என்று ஆகிறதே!

ஒலியன்:
பதாகையில் வினையே இல்லாமல் "ப்ளு தேன்போ" என்று எழுதியிருக்கிறது. வரி இனி வேண்டாம் என்கிறார்களா, கூடுதல் வரி கேட்கிறார்களா? "ந" வைக்க இடமே இல்லை. வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும்.

செவ்வாழை:
வரலாறும் காதின் பக்கம்தான். லத்தீனில் ப்ளுஸ் என்றால் "அதிகம்" மட்டுமே. பழைய பிரெஞ்சில் மறுக்கும் வேலை "ந"வுடையது; "இதற்கு மேல் இல்லை" என்பதற்குத் துணையாகத்தான் ப்ளு வந்தது. பேச்சில் "ந" கழன்று போக, மறுப்பு முழுக்க இதன் தலையில் விழுந்தது. "காலடி" என்று பொருள்படும் "பா" என்ற சொல் "இல்லை" என்றானதும் இதே வழியில்தான். "அதிகம்" என்று சொல்ல முன்பு "மே" என்ற சொல்லும் இருந்தது, லத்தீன் "மாகிஸ்" வழி வந்தது. ஸ்பானியர் இன்றும் "மாஸ்" என்கிறார்கள். பிரெஞ்சில் அது "ஆனால்" என்று மாறிப்போய், பழைய பொருள் "ஜமே" (ஒருபோதும்) போன்ற சில சொற்களில் மட்டும் ஒட்டியிருக்கிறது.

இலக்கணப்புலி:
படிக்கிற பிள்ளைக்கு லத்தீன் எதற்கு?

செவ்வாழை:
சரி, லத்தீனை விடுங்கள். சாதாரணப் பேச்சில் மறுப்புச் சொல் "பு" என்றே தேய்ந்துவிட்டது: "யா பு த காஃபே". "ல்" போனால் அது நிச்சயம் மறுப்புதான், "அதிகம்" என்ற பொருளில் ஒருவரும் அப்படித் தேய்ப்பதில்லை. குறுஞ்செய்தியில் பி, யு என்று இரண்டே எழுத்தில் எழுதுகிறவர்களும் உண்டு.

இலக்கணப்புலி:
தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண்ணும் "பு"தான். அங்கே "ந"வும் வேண்டும், நாலு எழுத்தும் வேண்டும்.